கரைக்கு வரும் டாலர்: ராமநாதபுரம் கடலோரத்தில் சர்வதேசத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, ஏன் நிற்கின்றன

"ஐ.நா. சபையிலிருந்து கோடிக்கணக்கில் பணம் வந்ததாமே, அதெல்லாம் எங்கே போனது?" பாம்பனிலும் மண்டபத்திலும் வேதாளையிலும் பல வருடங்களாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களுக்குக் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் யாரோ சுருட்டிவிட்டார்கள் என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடுவதால், தெரிந்துகொள்ள வேண்டியது விடுபட்டுப் போகிறது. ஒரு சர்வதேச அமைப்பின் பணம் என்ன நிபந்தனையோடு வருகிறது, எத்தனை கைகள் மாறி வருகிறது, எந்த வருடத்தோடு நிற்கிறது என்பவைதான் கரையில் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தொகை எவ்வளவு என்பது இதற்கெல்லாம் அடுத்தபடிதான்.

இந்தக் கரை அப்படிப்பட்ட பணத்தில் பல வகையைப் பார்த்திருக்கிறது. 1980களின் இறுதியில் வேதாளையிலும் சின்னப்பாலத்திலும் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியை வளர்க்கும் சோதனையை, உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் நடத்தியது. 1992-லிருந்து இலங்கைக்குத் திரும்ப விரும்பிய அகதிகள் விஷயத்தில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் பங்கெடுத்தது. 2001-ல் மன்னார் வளைகுடா யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. 2002-லிருந்து 2012 வரை உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில் ஒரு பெரிய பாதுகாப்புத் திட்டம் ஓடியது. இவை எல்லாவற்றையும் ஊரில் "ஐ.நா. பணம்" என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் இவற்றில் எந்த இரண்டும் ஒரே மாதிரி இல்லை.

வரியும் உபயமும்

ஐ.நா. என்பது ஒரே அலுவலகம் இல்லை. நியூயார்க் தலைமைச் செயலகம் வேறு, பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோ வேறு, ரோமில் இருக்கும் உணவு வேளாண்மை அமைப்பு வேறு, ஜெனீவாவில் இருக்கும் அகதிகள் ஆணையம் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி பட்ஜெட். அந்தப் பட்ஜெட்டுக்குப் பணம் இரண்டு வழியில் வருகிறது.

நம் ஊர்த் திருவிழா நடக்கும் விதத்தை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்கிறது, கட்டியாக வேண்டும், அந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று ஊரே தீர்மானிக்கும். இன்னொன்று உபயம். "பந்தல் என் செலவு" என்று ஒருவர் முன்வருவார். அந்தப் பணத்தை எடுத்து மின்சாரக் கட்டணம் கட்ட முடியாது. உலக அமைப்புகளிலும் இப்படித்தான். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் வழக்கமான பட்ஜெட் உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் பங்கில் நடக்கிறது. 2025-க்கு அது சுமார் 372 கோடி டாலர். ஒவ்வொரு நாட்டின் பொருளாதார வலுவைப் பார்த்துப் பங்கைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு 22 சதவீதம், சீனாவுக்கு சுமார் 20 சதவீதம், இந்தியாவுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஆனால் கரைக்கு வருகிற வேலைகளில் பெரும்பகுதி இந்தப் பணத்தில் நடப்பதில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் என்கிற யு.என்.டி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். தன் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய பொது நிதி அதற்கு வரும் பணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு, இத்தனை வருடத்துக்கு என்று முத்திரை குத்தப்பட்ட உபயப் பணம். உலக சுகாதார அமைப்புக்கும் இதே சிக்கல்தான். கட்டாயப் பங்கு ஐந்தில் ஒரு பகுதிகூட இல்லாமல் போனதால்தான், 2030-31 பட்ஜெட்டுக்குள் அதைப் பாதியாக உயர்த்துவது என்று 2022-ல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன.

முத்திரைப் பணம் என்ன செய்யும் என்பதை 2004 சுனாமி காட்டிவிட்டது. அலை அடித்து சில நாட்களிலேயே, 2005 ஜனவரி தொடக்கத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சுனாமிக்காக இனி நன்கொடை வேண்டாம் என்று அறிவித்தது. அவர்களால் அந்த இடங்களில் செலவழிக்கக்கூடியதைவிட அதிகமாகப் பணம் குவிந்துவிட்டது. அதே சமயம் உலகில் வேறு பல இடங்களில் அவர்களின் வேலைக்குப் பணம் தட்டுப்பாடு. சுனாமிக்கென்று வந்ததை வேறு இடத்துக்கு மாற்ற, கொடுத்தவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்கள். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். பல அமைப்புகள் கேட்காமல், வந்த பணத்துக்கேற்ப வேலையை உருவாக்கிக்கொண்டன. இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் ராமநாதபுரம் கரையில் சுனாமியின் அடி நாகப்பட்டினம், கடலூர் அளவுக்கு இல்லை. ஆனாலும் சுனாமிப் பணத்தில் கொடுத்த படகு, வலை பற்றிய பேச்சு தமிழகக் கரை முழுக்க இன்னும் ஓயவில்லை. ஏற்கெனவே படகுகள் அதிகமாக இருந்த கடலில் இன்னும் படகு ஏன் சேர்ந்தது என்றால், கொடுக்கச் சுலபமானதும் எண்ணிக் காட்டச் சுலபமானதும் படகுதான்.

பெயர்ப்பலகைக்குப் பணம் வராது

மன்னார் வளைகுடாவுக்கு இருக்கும் பட்டங்களைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக, 560 சதுர கிலோமீட்டர் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-ல் யுனெஸ்கோ அங்கீகாரம், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியல். மாவட்டத்தின் உள்பகுதியில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்களும் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன.

இந்தப் பட்டங்களோடு பணம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. யுனெஸ்கோ 1971-ல் தொடங்கிய 'மனிதனும் உயிர்க்கோளமும்' திட்டம், ஒரு காப்பகத்தை உலகப் பட்டியலில் சேர்க்கும், பத்து வருடத்துக்கு ஒருமுறை எப்படி இருக்கிறது என்று அறிக்கை கேட்கும். ரோந்துப் படகுக்கு டீசல் போடாது, வேட்டைத் தடுப்புக் காவலருக்குச் சம்பளம் தராது. அதெல்லாம் மாநில வனத்துறையின் செலவு. தவிர, யுனெஸ்கோவே பணத்துக்குத் தவிக்கும் அமைப்பு. 2011-ல் பாலஸ்தீனத்தை உறுப்பு நாடாகச் சேர்த்ததும் அமெரிக்கா பணம் கட்டுவதை நிறுத்தியது. பட்ஜெட்டில் 22 சதவீதம் ஒரே அடியில் போனது. 2018 இறுதியில் அமெரிக்கா விலகியது, 2023-ல் திரும்ப வந்தது, 2025-ல் மறுபடியும் விலகுவதாக அறிவித்துவிட்டது. கட்டாயப் பங்கு என்றாலும் கட்டாதவரை யாரும் கட்ட வைக்க முடியாது என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

பட்டத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறு இடத்தில் பணம் கேட்கும்போது அது ஒரு சாட்சி. மன்னார் வளைகுடாவுக்கு அப்படித்தான் பெரிய பணம் வந்தது.

பத்து வருடத் திட்டம்

உலகச் சுற்றுச்சூழல் நிதியம், சுருக்கமாக ஜெஃப், 1991-ல் சோதனையாகத் தொடங்கி 1994-ல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நாடுகள் கூடிப் பணம் போடுகின்றன. 2022-ல் தொடங்கிய எட்டாவது சுற்றுக்கு 29 நாடுகள் சேர்ந்து 533 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டன. பணத்தைப் பொறுப்பாளராக வைத்திருப்பது உலக வங்கி. ஜெஃப் தானே எந்தத் திட்டத்தையும் நடத்துவதில்லை. யு.என்.டி.பி., உலக வங்கி, உணவு வேளாண்மை அமைப்பு என 18 முகமைகள் வழியாகத்தான் பணம் போகும். முகமைக்குக் கட்டணம் உண்டு. ஒரு கோடி டாலருக்கு உட்பட்ட திட்டம் என்றால் இப்போதைய விகிதம் 9.5 சதவீதம். எந்தத் திட்டமானாலும் நாட்டின் சார்பில் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். இந்தியாவில் அது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வேலை.

மன்னார் வளைகுடாவுக்காகத் தமிழ்நாடு அரசு 2000-ல் தனியாக ஓர் அறக்கட்டளையை உருவாக்கியது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, அலுவலகம் ராமநாதபுரத்தில். ஆக, பணம் வந்த பாதை இது: ஜெஃப், அங்கிருந்து யு.என்.டி.பி., டெல்லி அமைச்சகத்தின் ஒப்புதலோடு மாநில அரசு, அறக்கட்டளை, அப்புறம் கிராமக் குழுக்கள், கடைசியில் மகளிர் சுய உதவிக் குழு. கடைசிப் படியில் இருக்கும் பெண்ணின் கைக்கு வந்தது பெரும்பாலும் சுழல் நிதிக் கடன், அதாவது திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

திட்டத்தின் மொத்த மதிப்பு 2.6 கோடி டாலருக்கு மேல் என்று காட்டப்பட்டது. அதில் ஜெஃப் கொடுத்தது சுமார் 76 லட்சம் டாலர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளின் பங்கு. இதற்கு இணை நிதி என்று பெயர். ஜெஃப் பணம் தர வேண்டுமானால் மற்றவர்களும் போட்டாக வேண்டும் என்பது விதி. "ஐ.நா. கோடிகள்" என்று ஊரில் பேசப்பட்ட தொகையின் பெரும்பகுதி நம் வரிப்பணம்தான். யாரிடம் கணக்குக் கேட்பது என்பதே இதில்தான் மாறுகிறது. நியூயார்க்கைக் கேட்பதைவிடச் சென்னையைக் கேட்பது சரியாக இருக்கும்.

இன்னொரு விதிதான் ஊர்க்காரர்களை அதிகமாகக் குழப்பியது, யாரும் அவர்களுக்குச் சரியாக விளக்கவும் இல்லை. ஜெஃப் பணம் ஒரு நாடு தன் மக்களுக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலைக்கு வராது. உலகத்துக்கே பயன்படும் ஒன்றைக் காப்பாற்ற ஆகும் கூடுதல் செலவுக்கு மட்டும்தான் வரும். பவளப்பாறை உலகத்தின் சொத்து, கடல்பசு உலகத்தின் சொத்து, கடல் அட்டையும் அப்படித்தான். ஆனால் குடிதண்ணீர்க் குழாய், படகு கட்டும் தளம், ஐஸ் ஆலை இவை உள்நாட்டு வேலை, அதில் வராது. கிராமக் கூட்டத்தில் மக்கள் முதலில் கேட்டது தண்ணீரும் தளமும்தான். கிடைத்தது விழிப்புணர்வுப் பயிற்சியும் மாற்றுத் தொழில் கடனும். அதிகாரிகளின் மனம் கல் என்பதால் இப்படி நடக்கவில்லை. பணத்தின் மேல் எழுதியிருந்த நிபந்தனை அப்படி.

அந்த உலகச் சொத்தைக் காக்கும் சுமை மட்டும் யார் தலையில் விழுந்தது? தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வந்த பெண்கள் தலையில். காலில் தகடு கட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிப் பாறையில் பாசி பறிக்கும் வேலை அது. தேசியப் பூங்கா எல்லைக்குள் போகக் கூடாது என்று கெடுபிடி அதிகமானபோது அவர்களுக்கு வருமானம் நின்றது. 2001-ல் கடல் அட்டை, பவளம் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியபோது அட்டை குளித்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். பாதுகாப்பு தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயே விட்டன. ஆனால் உலகம் முழுவதற்கும் கிடைக்கும் பயனுக்கு, தினக்கூலிக்குக் கடலில் குளிக்கும் பெண் வருமானத்தை இழப்பதும், அதற்கு ஈடாக அவளுக்கே கடன் கொடுப்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடலின் காலமும் கணக்கின் காலமும்

திட்ட ஆவணங்களில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். இலக்கு, விளைவு, வேலை, அதை அளக்கும் குறியீடு என்று கட்டம் கட்டமாக. எத்தனை குழு அமைத்தோம், எத்தனை பேருக்குப் பயிற்சி, எவ்வளவு கடன் பட்டுவாடா ஆனது என்பவை கட்டத்தில் சுலபமாக நிரம்பும். பவளப்பாறை திரும்ப வளர்ந்ததா, பாசி எடுக்கும் குடும்பத்தின் வருமானம் எழுந்ததா என்பது மூன்று, நான்கு வருடத்தில் தெரியாது. அதனால் நடுவில் மதிப்பீடு செய்ய வருபவர்கள் முதலில் சொன்னதைத்தான் எண்ணிவிட்டுப் போவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டி. யு.என்.டி.பி.யின் கணக்கு வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. உலக வங்கிக்கும் ஜெஃப்புக்கும் ஜூலை முதல் ஜூன் வரை. நம் மாநில அரசுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. கடலுக்கோ இவை எதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் கொந்தளிக்கும், வாடை அடிக்கும்போது பாக் விரிகுடாப் பக்க வடகடல். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும்.

இவற்றைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். யு.என்.டி.பி. முறையில் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணம் வரும். முந்தைய முன்பணத்தில் 80 சதவீதத்துக்காவது கணக்குக் கொடுத்தால்தான் அடுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான பணம் புயல் காலத்தில் வந்து நிற்கும். பாசி வளர்க்கும் மிதவையை அப்போது கடலில் இறக்க முடியாது. ஆனால் வருட முடிவுக்குள் செலவாக வேண்டும். எதில் செலவாகும்? மண்டபத்தில் எடுக்கும் பயிற்சி வகுப்பில், அச்சடிக்கும் கையேட்டில், பயணப்படியில். மிதவைக்கு ஏற்ற காலம் வரும்போது கணக்கு சரியாகாததால் பணம் தாமதமாகும். இதில் யாரும் திருட வேண்டியதே இல்லை. முறைப்படி நடந்தாலே காசு கடலுக்குப் போகாமல் கரையிலேயே கரைந்துவிடும். தடைக்காலத்தில் கைவேலை இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்குத் தேவையான பணம் மே மாதத்தில் வேண்டும். மாநில அரசின் புது நிதியாண்டுக்கான ஒதுக்கீடு கைக்கு வந்து சேர அதற்கும் நேரம் எடுக்கும்.

தணிக்கை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இந்தியாவின் தலைமைத் தணிக்கையாளரே 2014 முதல் 2020 வரை ஐ.நா. தணிக்கை வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். ஆனால் தணிக்கை பார்ப்பது செலவுக்கு ரசீது இருக்கிறதா, விதிப்படி நடந்ததா என்பதை. செலவான மாதம் கடலுக்குப் பொருந்தியதா என்று பார்க்கும் தணிக்கை எதுவும் இல்லை.

கூப்பிட்டால்தான் வர முடியும்

மண்டபம் முகாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தவறான எண்ணம் இன்னும் ஆழம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை வெள்ளைக்காரன் காலத்தில் நிறுத்திவைத்துச் சோதித்த இடம் அது. 1983-க்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களுக்குப் புகலிடமானது. "அகதி முகாம் என்றால் ஐ.நா. நடத்துவது" என்ற நினைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களை நடத்துவது மாநில அரசு, செலவு மத்திய, மாநில அரசுகளுடையது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1992-க்குப் பிறகு சென்னையில் இருந்த அகதிகள் ஆணைய அலுவலகத்தின் முக்கிய வேலை, திரும்பிப் போகிறவர்கள் சொந்த விருப்பத்தில்தான் போகிறார்களா என்று பார்ப்பதும், அப்படிப் போகிறவர்களுக்குப் பயணத்தில் உதவுவதும். எந்த நாடு எந்த எல்லைக்குள் அனுமதிக்கிறதோ அதற்குள்தான் அந்த அமைப்பு இயங்க முடியும்.

2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் குடும்பங்கள் தனுஷ்கோடி பக்கம் மணல்திட்டுகளில் வந்து இறங்கியபோது, அவர்களை மண்டபத்தில் தங்கவைத்துச் சோறு போட்டது தமிழ்நாடு அரசு. சட்டப்படி அகதி என்ற நிலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அகதிகள் ஆணையத்தின் பட்ஜெட்டும் கிட்டத்தட்ட முழுக்க உபயப் பணம்தான். ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து அதற்கு வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. பெரிய நன்கொடை நாடுகள் கை சுருக்கியதால் 2025-ல் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அந்த ஆணையம் அறிவித்தது.

எந்தக் கரைக்குப் பணம் என்பதும் இப்படித்தான் வேறு எங்கோ முடிவாகிறது. 2018-ல் பசுமைப் பருவநிலை நிதியம் இந்தியக் கடலோர மக்களுக்கென்று சுமார் 4.3 கோடி டாலர் மானியத்துக்கு ஒப்புதல் தந்தது. நடத்துவது யு.என்.டி.பி. அதில் சேர்ந்த மாநிலங்கள் மகாராஷ்டிரா, ஆந்திரம், ஒடிசா. தமிழ்நாட்டுக் கரை அதில் இல்லை. பத்து வருடம் இதே அமைப்போடு வேலை செய்த அனுபவம் உள்ள ஒரு கரை அடுத்த பெரிய பணத்தில் இடம்பெறாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நிற்பதும் நிலைப்பதும்

2012-ல் ஜெஃப் திட்டம் முடிந்தது. நீண்டகால நிதிக்கு வழி செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அறக்கட்டளை மூடப்படவில்லை. ஆனால் டாலர் நின்ற பிறகு வேலையின் அளவு மாநில அரசு ஒவ்வொரு வருடமும் எவ்வளவு ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. குழுக்களைக் கூட்டி, கணக்கு எழுதிக்கொடுத்து, கடனை வசூலிக்க ஊர் ஊராகப் போன களப்பணியாளரின் சம்பளம் திட்டத்தில் இருந்தது. களப்பணியாளர் போனபின் சுழல் நிதி சுழல்வது கஷ்டம்.

நிலைத்து நின்றதற்கும் உதாரணம் உண்டு. வேதாளையில் கஞ்சிப்பாசி சோதனை நடத்திய அந்த வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐரோப்பிய நாடுகளின் நன்கொடையில் தொடங்கியது. நன்கொடை என்றென்றைக்கும் வந்துகொண்டே இருக்காது என்று தெரிந்ததும், 2003-ல் அது அரசுகளுக்கிடையிலான தனி அமைப்பாக மாறியது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய உறுப்பு நாடுகள் வருடா வருடம் பங்கு கட்டுகின்றன. பணம் குறைவு, ஆனால் சொந்தப் பணம்.

பாசிக்கு நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. கஞ்சிப்பாசிச் சோதனை சோதனை அளவிலேயே நின்றது. பத்து வருடம் கழித்து வேறொரு பாசி, கப்பாஃபைகஸ், தனியார் நிறுவனத்தின் கொள்முதலோடு வந்தது. விலைக்கு வாங்க ஆள் இருந்ததால் மண்டபம் பக்கம் மகளிர் குழுக்கள் மிதவை கட்டின. அதிலும் அடி இருந்தது. வெளிநாட்டுப் பாசியான அது குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்தது 2008-ல் ஆய்வாளர்களால் பதிவானது. 2013 வாக்கில் கடல் சூடானபோது பாசி பெருமளவில் அழுகிப்போனது. இப்போது மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் 127.71 கோடி ரூபாயில் தொண்டி அருகே வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இது உள்நாட்டுப் பணம். தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு கரைந்துபோகாமல் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கிய வேலைக்கும் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க மத்திய அரசு வைத்திருக்கும் தேசியத் தழுவல் நிதிதான், நபார்டு வழியாக. உள்நாட்டுப் பணத்துக்கும் கெடு உண்டு என்றாலும், அதைப் பற்றி சட்டமன்றத்தில் கேள்வி கேட்க முடியும்.

அடுத்து வருவது உலக வங்கிப் பணம். 2023 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்த நெய்தல் மீட்சி இயக்கம் உலக வங்கி உதவியோடு நடப்பது. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெஃப் தந்தது மானியம். உலக வங்கி தருவது கடன். 2005-ல் சுனாமிச் சீரமைப்புக்கு உலக வங்கி ஒப்புக்கொண்ட 46.5 கோடி டாலர், ஏழை நாடுகளுக்கான பிரிவிலிருந்து சலுகைக் கடனாக வந்தது. 2014-ல் இந்தியா அந்தப் பிரிவின் தகுதி வரம்பைத் தாண்டிவிட்டது. இப்போதைய கடனுக்கு வட்டி கூடுதல், கட்டப்போவது நாம். ஆகவே உரிமையோடு கேட்கலாம். உலக வங்கித் திட்டத்தால் பாதிக்கப்படும் இரண்டு பேர் சேர்ந்தாலே புகார் கொடுக்கக்கூடிய ஆய்வுக் குழு 1993-லிருந்து இருக்கிறது.

ஒரு புதுத் திட்டத்துக்கு ஊர் கையெழுத்துப் போடும் முன்னால் கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பவை இவை. இது மானியமா, கடனா? மொத்தத் தொகையில் வெளியிலிருந்து வருவது எவ்வளவு? எந்தெந்த வேலைக்கு இந்தப் பணத்தைத் தொட முடியாது? தடைக்காலத்தில் என்ன நடக்கும்? எல்லாவற்றையும்விட, திட்டம் முடிந்த அடுத்த வருடம் களப்பணியாளருக்கும் ரோந்துப் படகுக்கும் யார் சம்பளம், யார் டீசல், அது எந்த அரசாணையில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத திட்டத்தை, இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். அனுப்ப ஊருக்கு உரிமை இருக்கிறது.

இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் பெரும்பாலும் ரகசியம் இல்லை. திட்ட ஆவணம், நடுக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு எல்லாவற்றையும் ஜெஃப்பும் யு.என்.டி.பி.யும் உலக வங்கியும் பொதுவில் வெளியிடுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுத வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு பயிற்சி வகுப்பின் மதியச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லலாம். அந்தச் சுருக்கத்தையும் காலாண்டுச் செலவுக் கணக்கையும் ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர்க் கூட்டத்திலும், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளிலும் வாசிக்கச் சொல்லலாம். மே 1 கிராம சபை தடைக்காலத்தில் வருகிறது. அன்றைக்கு விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள்.